எண் யாருடையது? பார்சல் நிறுவனம் ஒன்றுக்கு இணையவழித் தொலைபேசி விற்ற நிகழ்வு

பின்னணி

சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட பார்சல் சர்வீஸ் ஒன்று எங்களிடம் தொலைபேசி அமைப்பு கேட்டு வந்தது. தந்தை தொடங்கி, இப்போது மகன் நடத்தும் நிறுவனம். சேலம் தவிர ஈரோடு, திருப்பூர், கரூர், கோயம்புத்தூர், மதுரை ஆகிய ஊர்களில் புக்கிங் அலுவலகங்கள் உண்டு. அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்தவற்றின் வரிசை மாறவில்லை. நான் விற்பவர் தரப்பில் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்தேன்.

தலைமை அலுவலகச் சுவரில் பழைய இ.பி.ஏ.பி.எக்ஸ் பெட்டி ஒன்று, அதாவது அலுவலகத்துக்குள் அழைப்புகளைப் பிரித்துத் தரும் சிறு எக்ஸ்சேஞ்ச், தொங்கியது. எட்டு லேண்ட்லைன்கள், இருபதுக்கும் மேற்பட்ட எக்ஸ்டென்ஷன்கள். ஐப்பசி இடிமழையில் ஒரு லைன் கார்டு எரிந்தது, அடுத்த கோடை மழையில் இன்னொன்று. அந்த மாடலுக்கு மாற்றுக் கார்டு சந்தையில் இல்லை. பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்திருந்தவரும் தொழிலை விட்டுவிட்டார். எட்டு லைன்களில் மூன்றுதான் பேசின.

மகன் கேட்டது தெளிவாக இருந்தது. ஆறு அலுவலகங்களுக்கும் கிளவுட் தொலைபேசி, ஐ.வி.ஆர். (பொத்தானை அழுத்தச் சொல்லும் பதிவுக் குரல்), அழைப்புப் பதிவு, மொபைல் செயலி. கொட்டேஷன் அந்த வாரத்துக்குள் வேண்டும். இந்த முறையில் எக்ஸ்சேஞ்ச் பெட்டி வாடிக்கையாளரின் கட்டடத்தில் இருக்காது. சேவை தருபவரின் தரவு மையத்தில் இருக்கும். மேசையில் உள்ள ஐ.பி. போன் இணையம் வழியாக அதனுடன் இணையும். எக்ஸ்டென்ஷன் ஒன்றுக்கு மாதம் இவ்வளவு என்று கட்டணம். வேறு இரண்டு நிறுவனங்களும் ஏற்கெனவே விலை கொடுத்திருந்தன. எங்கள் விலை இரண்டையும்விட அதிகமாகத்தான் வரும் என்பது விற்பனைப் பிரதிநிதிக்கு முதல் சந்திப்பிலேயே தெரிந்துவிட்டது.

தந்தை அந்தச் சந்திப்பில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு முறைதான் பேசினார். "ஒரு தடவை காசு கொடுத்து வாங்கிய பெட்டி பதினெட்டு வருடம் உழைத்தது. நீங்கள் மாதா மாதம் வாடகை கேட்கிறீர்களே, தம்பி?" இந்தக் கேள்விக்கு விற்பனைக் கையேட்டில் ஐந்தாண்டு ஒப்பீட்டு அட்டவணை ஒன்று இருக்கிறது. பிரதிநிதி அதை எடுத்துக் காட்டவில்லை. பழைய பெட்டிக்குக் கடைசி மூன்று ஆண்டுகளில் கொடுத்த ரிப்பேர் பில்களைத் தேடி எடுத்து வைக்க முடியுமா என்று மட்டும் கேட்டார். பிறகு வந்த பேச்சுகள் எல்லாம் அந்தப் பில்களை வைத்தே நடந்தன.

வரி விஷயம் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். தொலைத்தொடர்புச் சேவைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. போட்டி கொட்டேஷன்கள் இரண்டிலும் "ஜி.எஸ்.டி. தனி, உள்ளீட்டு வரிக் கழிவு பெறலாம்" என்று இருந்தது; அதாவது வாங்கும் சேவைக்குக் கட்டிய வரியை, தாம் செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். லாரி ரசீது போட்டுச் சரக்கு ஏற்றும் நிறுவனங்களில் பல 5 சதவீத வரி முறையில் இருப்பவை; அந்த முறையில் உள்ளீட்டு வரிக் கழிவு கிடையாது. இவர்களும் அப்படித்தான். அவர்களைப் பொறுத்தவரை அந்த 18 சதவீதம் முழுச் செலவு. ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு, வரியையும் உள்ளடக்கிய மொத்தத் தொகையை எங்கள் கொட்டேஷனில் எழுதினோம். இதனால் எங்கள் விலை பார்வைக்கு இன்னும் உயர்ந்தது. மகனுக்கு எங்கள்மேல் முதல் நம்பிக்கை வந்தது கொட்டேஷனில் அந்த மொத்தத் தொகையைப் படித்தபோதுதான் என்று பின்னர் சொன்னார்.

கொட்டேஷனுக்கு முன் பார்த்தவை

விலை எழுதுவதற்கு முன் சேலம், ஈரோடு அலுவலகங்களை நேரில் பார்க்க அனுமதி கேட்டோம். காலையில் வரச் சொன்னார்கள். பார்சல் அலுவலகத்தைக் காலையில் பார்த்துப் பயனில்லை. மாலை ஐந்து மணிக்கு மேல்தான் அங்கே வியாபாரம். மாலையில் போனோம்.

முதலில் இணையம். "நூறு எம்.பி.பி.எஸ். பிளான் இருக்கிறது, போதாதா?" என்று எல்லா வாடிக்கையாளரும் கேட்பார்கள். வேகம் என்ற அளவில் அது தாராளம். குரலை டிஜிட்டலாக மாற்றும் ஜி.711 முறையில் ஓர் அழைப்பின் குரலுக்கு 64 கே.பி.பி.எஸ்.; கூடவே போகும் முகவரி முதலான தலைப்புத் தகவல்களையும் சேர்த்தால் ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ 87. பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு எம்.பி.பி.எஸ்.ஐத் தொடாது. குரலைக் கெடுப்பது வேகக் குறைவைவிடச் சீரின்மைதான். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. ஈரோட்டில் பகலில் அது எளிதாக நிறைவேறியது. மாலை ஏழு மணிக்குக் குரலைச் சுமக்கும் தரவுப் பாக்கெட்டுகள் தொலைந்தன, தாமதம் ஏறி இறங்கியது. காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. லாரி ஏற்றும் இடத்துக் கேமராக்களை முதலாளி வீட்டிலிருந்தே பார்ப்பதற்காக, மாலை முழுவதும் படம் மேலே போய்க்கொண்டிருந்தது. அதே இணைப்பில்தான் புக்கிங் கணினியும் ஓடியது.

அடுத்தது மின்சாரம். ஈரோட்டில் கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் ஏற்றுகூடத்தின் தூசிக்கு நடுவே சணல் மூட்டை ஒன்றின்மேல் இருந்தது. யு.பி.எஸ். பெட்டி இருந்தது, அதன் பேட்டரி செத்து எத்தனை நாள் ஆயிற்று என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

மூன்றாவதாகப் பார்த்ததுதான் இந்த நிகழ்வின் மையம். சேலத்தின் பழைய லேண்ட்லைன் எண்கள் லாரி ரசீதுப் புத்தகத்தில், ஷட்டரில், வண்டிகளின் பக்கப் பலகையில் எல்லாம் எழுதப்பட்டிருந்தன. மொபைல் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் வசதி இந்தியா முழுவதும் 2011 ஜனவரி 20 அன்று வந்தது. லேண்ட்லைனுக்கு அந்த வசதி இல்லை. 0427 என்று தொடங்கும் சேலம் எண்ணைத் தூக்கிக்கொண்டு வேறு நிறுவனத்துக்குப் போக முடியாது. கிடைத்த பழைய தொலைபேசி பில்களை எடுத்துப் பார்த்தபோது, மூன்று இணைப்புகள் தந்தையின் சொந்தப் பெயரிலும், ஒன்று பல ஆண்டுகளுக்கு முன் பிரிந்துபோன கூட்டாளியின் பெயரிலும் இருந்தன. நிறுவனத்தின் பெயரில் ஒன்றுகூட இல்லை.

அதைவிடப் பெரியது ஈரோட்டுக் கவுன்ட்டரில் தெரிந்தது. அங்கிருந்த லேண்ட்லைன் அந்த மாலை முழுவதும் அபூர்வமாகவே அடித்தது. மூத்த புக்கிங் கிளார்க்கின் சட்டைப் பையில் இருந்த மொபைல் ஓயவில்லை. ஜவுளிக்காரர்கள், மஞ்சள் மண்டிக்காரர்கள் எல்லோரும் அவரது சொந்த எண்ணுக்கே அழைத்தார்கள். லோடு வண்டி எப்போது வரும், நேற்றுப் போட்ட பேல் சேர்ந்துவிட்டதா, சேதக் கணக்கு என்ன ஆயிற்று, எல்லாவற்றுக்கும் அவர்தான். நிறுவனத்தின் தொலைபேசி அமைப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால், அது அந்தப் பையில் இருந்தது. முதலாளிக்கு இது தெரியும். எவ்வளவு என்று தெரியாது.

கிளார்க் ஒளிக்காமல் பேசினார். "சார், இந்த நம்பரைப் பதினோரு வருடமாக வைத்திருக்கிறேன். நாளைக்கு எல்லாரும் கம்பெனி நம்பருக்குக் கூப்பிட்டால், என்னை யாருக்குத் தெரியும்?" நியாயமான கேள்வி. விற்பனைப் படிவங்கள் எதிலும் இதற்கான கட்டம் இல்லை.

எடுத்த முடிவுகள்

ஆறு அலுவலகங்களுக்கு விலை கொடுப்பதில்லை, சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் மட்டும் கொடுப்பது என்று முடிவாயிற்று. எங்கள் அலுவலகத்திலேயே இதற்கு எதிர்ப்பு இருந்தது. காலாண்டு முடியும் நேரம். முழு ஆர்டரும் கையில் இருக்கும்போது யார் பாதியாக வெட்டுவார்கள்? மற்ற நான்கு ஊர்களின் இணையத்தை மாலையில் அளக்காமல் கையெழுத்து வாங்கினால், முதல் மாதப் புகார்களே மற்ற கிளைகளின் ஆர்டரையும் கெடுத்துவிடும் என்பது எங்கள் வாதம். மேலாளர் ஏற்றுக்கொண்டார், மகிழ்ச்சியோடு அல்ல.

எண்கள் குறித்த முடிவுக்கு அதிக நேரம் பிடித்தது. வழக்கமாக இத்தகைய கிளவுட் சேவை விற்பவர் தம் பெயரில் வாங்கி வைத்திருக்கும் எண்களிலிருந்து வாடிக்கையாளருக்குச் சில எண்களை ஒதுக்குவார். விற்பவருக்கு அது வசதி. வாடிக்கையாளர் அந்த எண்ணை ரசீதிலும் லாரியிலும் எழுதிவிட்டால், பிறகு சேவையை மாற்றுவது அவருக்கு எளிதல்ல. இந்தத் தொழிலில் பலரும் வெளியே சொல்லாத பிடி இதுதான். நாங்கள் வேறு வழியைப் பரிந்துரைத்தோம்: சேலத்துக்கு ஒரு 0427 எண், ஈரோட்டுக்கு ஒரு 0424 எண், இரண்டையும் உரிமம் பெற்ற தொலைபேசி நிறுவனத்திடம் பார்சல் நிறுவனத்தின் பெயரிலேயே எஸ்.ஐ.பி. (இணைய நெறிமுறையில் அழைப்பை ஏற்படுத்தும் முறை) இணைப்பாக வாங்குவது; எக்ஸ்சேஞ்ச் சேவையை மட்டும் எங்களிடம் எடுப்பது. இரண்டு பில், இரண்டு ஒப்பந்தம், கூடுதல் வேலை. ஆனால் எங்களை நிறுத்தினாலும் எண் அவர்களிடமே இருக்கும். பழைய லேண்ட்லைன்களில் ரசீதில் அச்சாகியிருந்த இரண்டை மட்டும் பெயர் மாற்றி வைத்துக்கொண்டு, புதிய எண்ணுக்கு ஃபார்வர்டு செய்வது என்றும் தீர்மானித்தோம்.

போட்டியாளர் ஒருவர், பழைய லேண்ட்லைனை ஒரு கேட்வே பெட்டியில் செருகி, அந்த அழைப்பை இணையம் வழியாக எல்லாக் கிளைகளுக்கும் கொண்டுபோகலாம், பெட்டி இலவசம் என்று சொல்லியிருந்தார். உள்ளூர் எக்ஸ்சேஞ்சில் முடியும் அழைப்பைத் தனியார் இணைய வழியில் வேறு ஊருக்குத் திருப்புவது உரிம விதிகளோடு உரசும் இடம். அதைச் செய்ய மாட்டோம் என்று எழுத்திலேயே சொன்னோம்.

ஐ.வி.ஆர். கேட்டிருந்தார் மகன். "தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்" என்ற வகை. அழைப்பவர்களில் பாதிப் பேர் மூட்டை தூக்கும் சத்தத்துக்கு நடுவே நிற்பவர்கள். எந்தப் பொத்தானையும் அழுத்த அவர்களுக்குப் பொறுமை இருக்காது. நிறுவனத்தின் பெயரையும், அழைப்பு பதிவாகும் என்பதையும் சொல்லும் சிறு வாழ்த்து, உடனே ஈரோட்டின் நான்கு போன்களிலும் ஒன்றாக மணி, இருபது நொடியில் எடுக்காவிட்டால் சேலத்துக்கு. அவ்வளவுதான். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனத்தில் வைத்து, பதிவுகளை எத்தனை நாள் வைப்பது, யார் கேட்கலாம் என்பதையும் முதலாளியின் கையெழுத்தோடு வரையறுத்தோம்.

வெளிநாட்டு அழைப்பை அடைத்துவிட்டோம். நள்ளிரவில் யாரோ கடவுச்சொல்லை உடைத்து வெளிநாட்டு எண்களுக்குப் பேசித் தீர்ப்பது இந்தத் துறையின் பழைய வியாதி.

கிளார்க்கின் எக்ஸ்டென்ஷனுக்குத் தனி நேரடி எண் ஒன்று கொடுத்து, அவர் பெயரோடு விசிட்டிங் கார்டு அடிக்கச் சொன்னோம். மொபைல் செயலியை அவருக்குத் தரவில்லை. பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று ஆண்ட்ராய்டு போன்கள் பின்னணியில் ஓடும் செயலியைத் தூங்க வைத்துவிடும்; மணி அடிக்காது. வண்டி வரும் நேரத்தில் அது நடந்தால் செயலியின் பெயரோடு எங்கள் பெயரும் போகும். மேசை போன் எடுக்கப்படாவிட்டால் அவரது மொபைலுக்குச் சாதாரண அழைப்பாகப் போகும்படி அமைத்தோம்.

இணையத்துக்கு இரண்டாவது நிறுவனத்தின் ஃபைபர் இணைப்பு குரலுக்கென்று தனியாக, கேமரா மேலேற்றத்துக்கு வேக வரம்பு, ரூட்டருக்கும் ஸ்விட்சுக்கும் புதிய யு.பி.எஸ். ஸ்விட்ச் சணல் மூட்டையிலிருந்து இறங்கிச் சுவர் ரேக்குக்குப் போனது.

முதல் வாரங்கள்

சேலத்தில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு அழைக்க முன்னால் சுழியம் சேர்க்க வேண்டும் என்பது 2021 ஜனவரி 15 முதல் நடைமுறை. அதைக் கணினியே சேர்க்கும்படி செய்திருந்ததால் யாரும் புதிதாக எதையும் கற்க வேண்டியிருக்கவில்லை.

ஈரோட்டில் சில நாள்களிலேயே புகார் வந்தது. வரும் அழைப்புகள் அரை நிமிடத்தில் துண்டிக்கப்படுகின்றன. எங்கள் உதவி மையத்தில் இருந்த இளைஞர் முதலில் கேட்ட கேள்வி நல்ல கேள்வி: "அரை நிமிடம் என்றால், சரியாக எத்தனை நொடி, அண்ணா?" கிளார்க் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடியே அடுத்த மூன்று அழைப்புகளை எடுத்தார். மூன்றும் முப்பத்திரண்டில் போயின.

அந்த எண்ணிலேயே விடை இருந்தது. அழைப்பை எடுத்ததும் போன் "ஏற்றுக்கொண்டேன்" என்று செய்தி அனுப்பும். அதற்கு எதிர்முனையின் ஒப்புதல் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் எஸ்.ஐ.பி. நெறிமுறைப்படி அரை நொடியின் 64 மடங்கு, அதாவது 32 நொடி, காத்திருந்துவிட்டு இணைப்பைத் துண்டிக்கும். ஆக, குரல் போய் வந்தாலும் ஒப்புதல் செய்தி வழியில் தொலைகிறது. நடுவில் யாரோ முகவரியைத் திருத்துகிறார்கள் என்று பொருள். விசாரித்ததில், முந்தைய நாள் ஃபைபர் நிறுவனத்தின் லைன்மேன் மோடத்தை மாற்றியிருந்தார். புதிய மோடத்தில் எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி. என்ற வசதி இயல்பாகவே இயங்கும் நிலையில் இருந்தது. உதவி செய்வதாக நினைத்து எஸ்.ஐ.பி. செய்திகளுக்குள் இருக்கும் முகவரிகளைத் திருத்தி எழுதும் வசதி அது. பழைய மோடத்தில் நாங்கள் அணைத்து வைத்தது பழைய மோடத்தோடு போய்விட்டது. மோடத்தை, எதையும் திருத்தாமல் கடத்தும் வெறும் பாலமாக மாற்றி, எங்கள் ரூட்டரைப் பின்னால் வைத்தோம். அதன்பிறகு யார் மோடத்தை மாற்றினாலும் அழைப்பு கெடவில்லை.

முதல் மாதத்தின் இன்னொரு தொந்தரவு தொழில்நுட்பம் சார்ந்ததல்ல. தவறிய அழைப்புகளின் பட்டியல் தினமும் மின்னஞ்சலில் மகனுக்குப் போனது. ஏழு மணியிலிருந்து எட்டு மணி வரை வரிசையாகத் தவறிய அழைப்புகள். அவர் அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஈரோட்டுக்குக் கிளம்பினார். பிரதிநிதி அவரை வழியிலேயே அழைத்து, அந்த நேரத்தில் கவுன்ட்டரில் இருப்பவர்கள் எல்லோரும் வண்டி ஏற்றத்தில் நிற்கிறார்கள், போனை எடுக்க ஆளே இல்லை, சண்டை போடுவதற்கு முன் ஒரு மாலை அங்கே உட்கார்ந்து பாருங்கள் என்றார். வாடிக்கையாளருக்கு இப்படிச் சொல்வது விற்பனைப் பிரதிநிதியின் வேலையா என்று எங்களுக்குள் பேச்சு எழுந்தது. என் கருத்தில், இந்த அறிக்கையை விற்றவர் அது எப்படிப் பயன்படுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ஊழியர்களை வேவு பார்க்கும் கருவி என்று பெயர் வாங்கிய அமைப்பைக் கவுன்ட்டரில் யாரும் தொட மாட்டார்கள். மகன் உட்கார்ந்து பார்த்தார். காலை ஷிப்டிலிருந்து ஒருவரை மாலைக்கு மாற்றினார். பட்டியல் சில வரிகளாகச் சுருங்கியது.

மின்தடை நாள்

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் சேலம் அலுவலகத்தில் பகல் முழுவதும் மின்சாரம் இல்லை. யு.பி.எஸ். மதியத்துக்கு முன்பே அடங்கிவிட்டது. மேசைப் போன்கள் எல்லாம் இருண்டன. தந்தையின் அறையில் மட்டும் பழைய லேண்ட்லைன் வேலை செய்தது. அதற்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வருகிறது. அவருக்கு அன்று நல்ல நாள். ஆனால் எங்கள் பக்கத்திலும் ஒன்று வேலை செய்தது. போன்கள் இணைப்பில் இல்லை என்பதைத் தரவு மையத்தில் இருந்த எக்ஸ்சேஞ்ச் கண்டுகொண்டு, அழைப்புகளை முன்பே கொடுத்திருந்த மூன்று மொபைல்களுக்குத் திருப்பிவிட்டது. பழைய பெட்டி சுவரில் இருந்த காலத்தில், பெட்டியும் கட்டடத்தோடு சேர்ந்தே அணைந்திருக்கும்.

பிறகு நடந்தவை

திருப்பூரும் கரூரும் அடுத்தடுத்து இணைந்தன. மதுரையில் மாலை நேர அளவீடு சரியாக வரவில்லை, இரண்டாவது இணைப்பு தர அந்தத் தெருவில் யாரும் இல்லை. அங்கே விற்கவில்லை. கோயம்புத்தூர் அலுவலகம் கமிஷன் ஏஜென்ட் ஒருவருடையது. "என் நம்பர்தான் என் கடை" என்று அவர் மறுத்துவிட்டார். மகன் வற்புறுத்தினார், பயனில்லை. ஆறில் நான்கு.

ஈரோட்டுக் கிளார்க் அந்த ஆண்டு முடிவதற்குள் வேறொரு பார்சல் நிறுவனத்துக்குப் போய்விட்டார். கார்டில் அச்சான நேரடி எண் அவர் இடத்துக்கு வந்தவரின் மேசையில் அடித்தது. அழைத்த வியாபாரிகளில் பலர் அப்படியே தொடர்ந்தார்கள். பதினோரு வருடப் பழக்கம் உள்ள சிலர் அவரோடு போனார்கள். அதை எந்த எக்ஸ்சேஞ்சும் தடுக்காது. தடுக்கும் என்று நாங்கள் சொல்லி விற்கவும் இல்லை.

இனி மாறுவது

எங்கள் நடைமுறையில் சிலவற்றை மாற்றியிருக்கிறோம். வாடிக்கையாளரின் பரபரப்பான நேரத்தில் ஒரு வாரம் இணையத்தை அளந்த பிறகுதான் கொட்டேஷன். அதற்கான சிறு பெட்டியை முன்கூட்டியே வைத்துவிடுகிறோம். எண்களின் பட்டியல் தனிப் படிவமாயிற்று: எண், யார் பெயரில், எங்கெல்லாம் அச்சாகியிருக்கிறது, உண்மையில் யார் எடுக்கிறார். படிவத்தின் அந்தக் கடைசிக் கட்டத்தில் ஊழியர்களின் சொந்த மொபைல்களும் வருகின்றன. வாடிக்கையாளரின் வரி முறையைக் கேட்காமல் விலை எழுதுவதில்லை.

ஆம்புலன்சுக்கான 108, அவசர உதவிக்கான 112 ஆகியவற்றை ஒவ்வொரு ஊரிலும் அழைத்துப் பார்ப்பதற்குப் பதிலாக, அந்த அழைப்பு எந்த ஊர் எண்ணிலிருந்து வெளியே போகிறது என்பதை அமைப்பிலேயே சரிபார்த்து எழுதி வைக்கிறோம். கரூரில் அழைத்தவரைச் சேலத்தில் தேடக் கூடாது. இதைத் திருப்பூர் வேலையின்போதுதான் சேர்த்தோம், ஈரோட்டிலேயே இருந்திருக்க வேண்டும்.

பிரதிநிதியின் ஊக்கத்தொகையைக் கையெழுத்தான நாளில் முழுவதும் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறோம். ஒரு பகுதி மூன்று மாதம் ஓடிய பிறகுதான். இதை எங்கள் விற்பனைப் பிரிவு இன்னும் ஏற்கவில்லை, பேச்சு நடக்கிறது.

ஒப்பந்தப் புதுப்பிப்பு வந்தபோது மகன் வெளியில் இன்னொரு கொட்டேஷன் வாங்கி வந்து மேசைமேல் வைத்தார். எண்கள் அவர் பெயரில் இருந்ததால் அவரால் அது முடிந்தது. பதிவுச் சேமிப்புக் கட்டணத்தைக் குறைத்தோம், இரண்டு எக்ஸ்டென்ஷன்களை இலவசமாகச் சேர்த்தோம். அவர் இன்னும் இரண்டு ஆண்டுகளுக்குக் கையெழுத்திட்டார்.